நாலு விரல் உயரம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் கல்லுப்போல இருக்கிறோம். உன் இருமல் விட்டதா, இல்லை அதையும் மாற்றலில் கூட்டிக்கொண்டு போய்விட்டாயா?

உன் கையெழுத்துக்குக் கீழே 'முதுநிலை மண்காப்பு அலுவலர்' என்று பார்த்ததும் உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தைப் பம்ப் ஹவுசுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு, எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொண்டுவந்தார். போனில் கூப்பிட்டே சொல்லியிருக்கலாமே என்கிறார். போன் இருப்பது ஆபீசில் மட்டும்தான். அங்கே நின்று பேசினால் பேசுவது நாம், கேட்பது ஊர்.

புது குவார்ட்டர்சுக்கு வந்து இன்றோடு பத்து நாள். நாற்பது வீடு, இரண்டு வரிசை. மேல் வரிசையில் மூன்றாவது எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் நீ பாடுபட்ட மேடு மூக்கில் இடிக்கிறது. நிலக்கரியை எடுப்பதற்காகத் தோண்டிக் கொட்டின கழிவு மண் என்று சொன்னால் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. புல் அப்படி வந்திருக்கிறது. எதிர்வீட்டு நர்ஸ் நேற்று சொன்னாள்: "ஒங்க தம்பி மட்டும் மேடு உறுதியா இருக்குன்னு கையெழுத்துப் போடலேன்னா எங்களுக்கெல்லாம் ஏது வீடு." எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. பின்கதவு மட்டும் சரியாகச் சாத்தவில்லை. தச்சர் வந்து ஓரத்தைச் சீவிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு சின்ன உதவி வேண்டும். என் சுத்தியலின் பிடி உடைந்துவிட்டது. உன் இடத்துக்கு வந்திருக்கும் புது மேற்பார்வையாளரிடம் வேறொன்று கேட்டேன். எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வதால் அவருக்கு நோட்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அளவுக் கம்பியப் பாத்துக்கறவங்களுக்குச் சுத்தியல் எதுக்கும்மா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படித்தவர் கேட்கிற கேள்வியா இது? படிப்படியாக வெட்டின மேட்டில் நூற்றிருபது கம்பி. ஒவ்வொன்றும் மண்ணுக்கு மேலே நாலு விரல்தான் தெரிய வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வேலையில் சேர்த்த அன்றே நீ சொன்னாய். ஒரு மழை பெய்தால் போதும், ஆறு விரல் ஏழு விரல் என்று எட்டிப் பார்க்கிறதுகள். தட்டி இறக்காமல் தானாகவா நிற்கும்? நீ அளவெடுக்க ஏறுகிற நாளில் நான் முன்னாலேயே போய் ஒவ்வொன்றாகச் சரிபண்ணி வைத்துவிடுவேன். பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவதுபோலத்தான். இரண்டு மழைக்காலத்தில் ஒரு கம்பிகூட உன் மானத்தை வாங்கவில்லை.

நீ ஒரு வரி எழுதிப்போட்டால் சுத்தியல் கிடைத்துவிடும். சின்னது மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூவரின் சுகம் அறிந்து சந்தோஷம். இருமல் என்னைவிட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது. பதில் தாமதமானதற்குத் திட்டாதே. வேலை அதிகம்.

எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பழைய இரும்புக் கிடங்கு. இங்கேயும் ஒரு மேடு இருக்கிறது, அங்கே இருப்பதைவிடப் பெரியது. அதையும் என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "நாப்பது வீட்டுக்கு எடம் புடிச்ச ஆளு" என்றுதான் சொல்கிறார்கள்.

சுத்தியல் வேண்டாம் அக்கா. புதிதாகக் கேட்காதே. நோட்டுக்காரரிடம் அந்தப் பேச்சையே இனி எடுக்காதே. அவராகக் கேட்டால், சரிவில் மண்ணைப் பிடிக்க விரிக்கிற நார்வலைக்கு ஆணி அடிக்க வைத்திருந்தேன் என்று சொல்லிவிடு. கம்பி கூடுதலாகத் தெரிந்தால் தெரியட்டும். மேடு இனி அவர் பொறுப்பு.

புது மரம் ஈரத்துக்கு உப்பும். கீலுக்கு எண்ணெய் போட்டால் கதவு சரியாகிவிடும். சின்னதுக்கு இங்கிருந்து கலர் பென்சில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். பென்சில் வந்தது. சின்னது அதில் முதலில் வரைந்தது நம் மேட்டைத்தான். பச்சை பென்சில் பாதியாகிவிட்டது.

நீ சொன்னபடி சுத்தியலை விட்டுவிட்டேன். கை வெறுமையாக ஏறுவது என்னவோபோல் இருக்கிறது. போன வாரம் ஒரு கோடை மழை, அரை மணி நேரம்கூட இல்லை. மறுநாள் நோட்டுக்காரர் அளவுகோலோடு பின்னால் வந்தார். முதல் கம்பி ஆறு விரல். அடுத்தது ஏழு. மூன்றாவது படியில் ஒன்பது விரல் வரைக்கும் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் மெதுவாகக் கேட்டேன், "ஏன் சார், கம்பி கூடத் தெரிஞ்சா என்ன?" என்று.

"கம்பி எங்கம்மா ஏறுது? மண்ணுதான் எறங்குது. அரிச்சிட்டுப்போன அளவுக்குக் கம்பி வெளிய தெரியும். அதைப் பாக்கத்தானே கம்பியே அடிச்சிருக்கு."

தம்பி, கம்பியைச் சரியாக வைத்திருப்பதுதான் வேலை என்று நினைத்தேன். மண்ணைப் பார்ப்பதற்குத்தான் கம்பி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருந்து நான் கவனிக்காமல் விட்டேனா? காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு தடவையும் உதறிவிட்டு டாக்டரிடம் நீட்டியிருக்கிறேன். அப்படியானால் நீ எழுதின அளவெல்லாம் என்ன ஆகும்? அந்த அளவை வைத்துத்தானே உறுதி என்று கையெழுத்துப் போட்டாய்?

நீ சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நோட்டுக்காரர், தான் வந்த பிறகுதான் மேடு கெட்டுப்போனது என்று நினைத்துத் தவிக்கிறார். பாவமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

தச்சர் இரண்டாவது தடவை வந்து கதவைச் சீவினார். எண்ணெயெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

உன் அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். உனக்கு உடம்பு சரியில்லையா? அதையாவது யாரையாவது விட்டு எழுது.

மேட்டின் அடியில் வண்டல் தேங்குவதற்கு நீ வெட்டவைத்த குட்டை நினைவிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூர் வாரினால் போதும் என்பாய். இப்போது மாதம் இரண்டு தடவை வாருகிறோம். மழையே இல்லாத வாரத்திலும் நிரம்புகிறது. வருகிற மண் மேலே பரப்பின கறுப்பு மண் இல்லை. சாம்பல் நிறத்தில் மாவுபோல இருக்கிறது. காலை வைத்தால் பிடித்துக்கொள்கிறது.

நோட்டுக்காரர் ஊர்ப்பட்ட புல்லை நட்டுக்கொண்டிருக்கிறார். "என்ன தப்பு பண்றேன்னு தெரியலம்மா" என்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்கு இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

கீழ் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் கதவு மாட்டிக்கொள்கிறதாம். தச்சருக்குச் சீவுளி என்றே பெயராகிவிட்டது. எங்கள் கதவில் இனிச் சீவ மரம் இல்லை என்று சொல்லிவிட்டார். மரம் உப்பவில்லையாம், நிலைதான் கோணிக்கொண்டதாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குள் வந்து வெகுநேரம் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுது.

அக்கா

*

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன.

எனக்காக ஒரு காரியம் செய். இங்கே ஒரு கையேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஒரு தகவல் தேவைப்படுகிறது. உன் வீட்டுக்கு நேர் பின்னால், மூன்றாவது படியில் எழுபத்திரண்டாம் எண் கம்பி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார். மேலே கறுப்பு மண் எவ்வளவு கனத்துக்கு இருக்கிறது என்று அளந்து எழுது. பரப்பும்போது ஒரு முழம் பரப்பினோம். எல்லோரும் சாப்பாட்டுக்கு இறங்கின பிறகு போ. யாரிடமும் சொல்ல வேண்டாம், வீணாகப் பேச்சு வளரும்.

அத்தானுக்கும் சின்னதுக்கும் என் அன்பு.

தம்பி

*

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே.

நீ சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் தோண்டினேன். மண்வெட்டி தேவைப்படவில்லை, களைக்கொத்தே போதுமாக இருந்தது. கறுப்பு மண் மூன்று விரல்தான் இருக்கிறது. புல் வேரெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாயைப்போல் மேலே கிடக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் மண். அதைக் கொத்தினேன். மூன்றாவது கொத்தில் களைக்கொத்து கையைவிட்டு உள்ளே போய்விட்டது. எடுக்கலாம் என்று கையைவிட்டேன். தோள் வரைக்கும் போயிற்று, தம்பி. அடி தட்டுப்படவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது. மல்லாந்து விழுந்தவள் புரண்டு மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். பத்து நாளாக மழை இல்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வருகிற வழியில்லாமல் எங்கேயோ எதையோ கரைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. போன மழைக்காலத்திலேயே சில கம்பிகள் ஒரே தட்டில் சரக்கென்று இறங்கிவிடும். பிடிமானமே இருக்காது. மண் நன்றாக இளகியிருக்கிறது, வேர் சுகமாகப் போகும் என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தியை என்ன சொல்ல?

கையேட்டுக்கு இது போதுமா? எனக்கு ஒரே ஒரு பதில் போதும். அந்தப் பள்ளத்துக்கும் என் அடுப்படிச் சுவருக்கும் நடுவில் அறுபது அடிதான் இருக்கிறது. அடியெடுத்து வைத்து அளந்துவிட்டேன். நாங்கள் இங்கே இருக்கலாமா?

அக்கா

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதைப் படித்ததும் கிளம்ப ஆரம்பி. ஜூன் பத்துக்குள் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். பெரிய மழை இருபது வாக்கில் பிடிக்கும். சின்னதுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். அத்தானுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன். என் அறை சின்னதுதான், முதல் மாதத்துக்குச் சமாளித்துக்கொள்ளலாம்.

சாமானை ஒரே தடவையில் ஏற்றாதே. தம்பிக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறோம் என்று சொல். அக்கம்பக்கத்தில் மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. நாற்பது குடும்பம் பயந்து ஓடினால் என்ன ஆகும் என்று யோசி. ஒருவேளை ஒன்றுமே நடக்காமலும் போகலாம். மேட்டைப் பற்றி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தோண்டின பள்ளத்தை மூடிவிடு.

தம்பி

*

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தானே ஆரம்பிக்க வேண்டும்? கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. எங்களுக்கு ஆபத்து என்றதும் துடித்துவிட்டாய். ஆனால் எதிர்வீட்டு நர்ஸ் எட்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் பெட்டியைத் தூக்க வேண்டுமா? என்னால் முடியாது.

இத்தனை நாளாக ஒன்று என் மண்டையைக் குடைகிறது. நார்வலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அரை நாள் திட்டுகிறவன் நீ. கம்பியைத் தட்டினேன் என்று எழுதினபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைவிட, எப்போதிருந்து தட்டுகிறாய் என்று நீ கேட்கவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். நீ கேட்கவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது.

முதல் மழைக்காலம். அளவெடுக்கிற நாள். நீ குட்டையின் கரையில் வந்து நின்றாய். நான் இரண்டாம் படியில் குனிந்து தட்டிக்கொண்டிருந்தேன். சுத்தியல் சத்தம் அந்த மேடு முழுக்கக் கேட்கும். நான் கையை ஆட்டினேன். நீயும் ஆட்டினாய். உடனே ஏறி வரவில்லை. ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினாய், திரும்ப மாட்டினாய், குட்டையைச் சுற்றி நடந்தாய். நான் கடைசி வரிசையை முடித்து இடுப்பை நிமிர்த்தின பிறகுதான் அளவுகோலோடு ஏறி வந்தாய். அக்கா களைத்துப்போயிருக்கிறாள், கொஞ்சம் மூச்சுவிடட்டும் என்று காத்திருக்கிறாய் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் தெரியாமல் செய்தேன். நீ தெரிந்துகொண்டு எழுதினாய். மறுக்கிறதாக இருந்தால் மறுத்து எழுது, நம்புவதற்கு எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

நேற்று நோட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளத்தையும் காட்டினேன். அவர் நோட்டை எடுக்கவே இல்லை. நேராக மேலாளரிடம் ஓடினார். உள்ளே ஏதோ சத்தமாகப் பேச்சு நடந்தது. கடைசியில் மேலாளர் வெளியே வந்து, "பழைய அளவெல்லாம் பொய்யின்னா அதை எடுத்தவரே சொல்லட்டும். அவர் ஒரு வரி எழுதிக் குடுத்தா நாளைக்கே எல்லாரையும் பழைய ஷெட்டுக்கு மாத்திடறேன்" என்றார். உனக்கு இன்றே கடிதம் போகிறது. அதற்குள்ளேயே பாதி வீடுகளில் மூட்டை கட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் கலக்கம். பிள்ளைகள் மூட்டைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வரிதான் தம்பி. கம்பிகளைத் தட்டியிருக்கிறார்கள், என் அளவை நம்ப வேண்டாம் என்று எழுது. உன் பதவி போகும், தெரியும். வந்து எங்களோடு இரு. உனக்கும் சேர்த்துச் சமைக்க எனக்குக் கை இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

மேலாளரின் கடிதம் வந்தது. பதில் அனுப்பிவிட்டேன். அதைப் பற்றி நீ இனி யாரிடமும் பேச வேண்டாம்.

அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். மூன்று பேருக்கும் பாய் வாங்கியாயிற்று. தயவுசெய்து வந்துவிடுங்கள். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தம்பி

*

ஜூன் 24

தம்பிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, சின்னது கையில் வருகிறது. நர்ஸ் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள், வழியில் உன் ஊரில் இறங்கி இவளை உன் வாசலில் விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னாள். நாற்பது வீட்டில் கிளம்பினது அவள் குடும்பம் மட்டும்தான்.

உன் பதிலை மேலாளர் ஆபீஸ் முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் படித்தார். "என் காலத்தில் எடுத்த அளவுகள் யாவும் சரியானவை. கம்பிகளை எவரும் தொடவில்லை. என் சகோதரி அதிகம் படிக்காதவர், வேலை விவரங்களைப் பிழையாகப் புரிந்துகொண்டிருக்கலாம்." படித்து முடித்ததும் கைதட்டினார்கள். எனக்கு உன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கூட்டத்தில் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்பதாவதோடு நின்றவள்தானே நான், அதில் பொய் இல்லை.

கட்டின மூட்டையை எல்லோரும் அவிழ்த்துவிட்டார்கள். பள்ளத்தில் நாலு லாரி மண்ணைக் கொட்டி மேலே புல்லைப் பதித்தாயிற்று. நோட்டுக்காரரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே ஆணி எண்ணுகிறார். நான் யார் வீட்டுப் படியேறினாலும், "ஒங்க தம்பியே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரேக்கா, அப்புறம் என்ன" என்கிறார்கள். உன் கையெழுத்தை நம்பித்தான் குடிவந்தார்கள், உன் கையெழுத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

மழை நேற்றுப் பிடித்தது. குட்டை காலையிலேயே நிரம்பி வழிந்தது. மதியம் பார்த்தால் வழிவது நின்றிருந்தது. மழை நிற்கவில்லை, தண்ணீர் மட்டும் வரவில்லை. உள்ளே எங்கேயோ தேங்குகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பின்கதவு இனித் திறக்காது. சுவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டது.

நீ ஏன் வரவில்லை என்று கேட்பாய். உன் அத்தான் பம்பை விட்டு வரமாட்டேன் என்கிறார். சுரங்கத்துக்குள் ஆள் இருக்கும்போது பம்ப் நின்றால் அது வேறு பாவம் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். என் கதை வேறு. நூற்றிருபது கம்பியையும் தட்டினது இந்தக் கை. இவர்களை இங்கே குடிவைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. கடைசி ஆள் கிளம்புகிறவரைக்கும் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். திட்டட்டும், சிரிக்கட்டும். பயமாக இருக்கிறது தம்பி. இல்லை என்று எழுதினால் அது பொய்.

சின்னதிடம் நான் ஒன்றும் விவரமாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு எல்லாவற்றுக்கும் காது. பெட்டியைக் கட்டினதிலிருந்து, "நம்ம வீடு விழுந்துடுமாம்மா? நீயும் அப்பாவும் ஏன் வரல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "மாமாகிட்டக் கேளு. அந்த மேட்டப் பத்தி மாமாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி ஏற்றிவிடப் போகிறேன். இதை நீ படிக்கும்போது எதிரில்தான் நிற்பாள். ரயிலில் வாங்கிக் கொடுத்தால் சாப்பிடமாட்டாள், பசியோடு வந்திருப்பாள். முதலில் எதையாவது சாப்பிடக் கொடு. சாப்பிட்டதும் கேட்பாள், விடமாட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்து என்ன பதில் சொல்கிறாயோ, அதையே உடனே போன் போட்டு மேலாளரிடமும் சொல்.

அக்கா